பிரேக் இன்ஸ்பெக்டருக்குப் போட்ட டயர்

மந்தாரக்குப்பத்தில் எங்கள் அத்தா டூவீலர் டயர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. புரிந்தால் மன்னித்துவிடுவீர்கள் என்ற நினைப்பிலும் சொல்லவில்லை.

பதினைந்து வருஷம் ஓடிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமானால் அதைப் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சட்டப் புத்தகம் சொல்லும். எங்கள் பக்கத்தில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். டயரில் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற மனுஷனுக்கு ஒரு கையெழுத்துக்காக இரண்டு டயரும் புதுசு வாங்க மனசு வருமா? அதனால் எங்கள் கடையின் பின்பக்கச் சுவரில் பட்டன் தேயாத டயர் இரண்டு எப்போதும் தொங்கும். காலையில் அதை மாட்டிக்கொண்டு போவார்கள், காட்டுவார்கள், மத்தியானம் வந்து கழற்றிக் கொடுத்துவிட்டுத் தங்கள் தேய்ந்த டயரிலேயே ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். இன்ஸ்பெக்டர் டயர் என்று அதற்குப் பேர். "பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குப் பக்கத்து வூட்டுச் செயின வாங்கிப் போட்டுக்கறதில்லையா, அதான் இது" என்பார் அத்தா. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் டயரை மாற்று. பாங்கு சத்தம் கேட்டதும் அம்மா முக்காட்டை இழுத்துவிடுவாரே, அதுபோல அது எங்களுக்கு யோசிக்காமல் நடக்கிற காரியம்.

கடைக்கு வாடிக்கையாக வருகிறவர் ஒருவர் இருந்தார். பக்கத்துக் கிராமம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. அவர் வண்டியின் இரண்டு டயரும் பெயருக்குத்தான் டயர். பின்பக்க டயரில் ஒரு இடத்தில் ரப்பர் முழுக்கப் போய் உள்ளே இருக்கிற நூலே தெரிந்தது. பஞ்சர் ஒட்ட வரும்போதெல்லாம் அத்தா கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைக் கீறிக் காட்டுவார்.

"இதுல ஒட்டறதுக்கு இனிமே எடமே இல்லப்பா. மாத்திப்புடு."

"மாத்திடலாம் பாய். பர்மனென்ட் லிஸ்ட் வரட்டும். வந்த அன்னிக்கே ரெண்டையும் மாத்திடறேன்."

இதை அவர் ஐந்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஸ்ட் வந்தது, அவர் பேர் வரவில்லை. மறுபடி வந்தது, மறுபடியும் வரவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சட்டம் கேட்பார். நான் அப்போது டிகிரி முடித்துவிட்டுச் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாளில் கடையில் இருப்பேன். "எங்க பர்மனென்ட் கேச நீங்கதான் எடுத்து நடத்தணும் தம்பி" என்பார். கடைத்தெரு முழுக்க அதற்குள் நான் வக்கீல் தம்பி ஆகியிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மழை நாள், முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது ரோட்டில் ஒரு டிப்பர் லாரிக்குப் பக்கத்தில் விழுந்துகிடந்தார். லாரி சிக்னல் போடாமல் திரும்பி இடித்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பேசிக்கொண்டுதான் இருந்தாராம். பெரிய அடி இல்லை என்று நினைத்து உறவுக்காரர் ஒருவர் வண்டியை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

அதன்பிறகுதான் ஸ்டேஷனிலிருந்து வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் மனைவியும் அந்த உறவுக்காரருமாக வண்டியை எங்கள் கடைக்கு உருட்டி வந்தார்கள். முன்டயரில் காற்று இல்லை. காற்றடிக்கத்தான் வந்தார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, காற்றடிக்க மட்டும்தான் வந்தார்கள்.

"எங்கக்கா கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷனுக்குத் தம்பி. நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து பாக்கறாராம்."

அந்தப் பேரைக் கேட்டதும் என் கை டயர் கழற்றுகிற லீவரை எடுத்துவிட்டது. "இந்த டயரோட கொண்டுபோவாதீங்கக்கா. வண்டி கண்டிஷனா இருந்தாத்தான் கேஸ் நிக்கும்" என்றேன். சட்டம் படிக்கிறவன் சொல்கிறான் என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் பின்பக்கம் போய் இன்ஸ்பெக்டர் டயர் இரண்டையும் எடுத்து வந்தேன். அத்தா அவற்றை என் கையிலிருந்து வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார்.

"மவுத்தானவரு வண்டிக்கு எரவல் டயரா? புதுசே போடு" என்றார். "ரெண்டுக்கும் போடு. காசு வாங்காத."

ஐந்தாறு வருஷமாக அவர் மாட்டாத புது டயரை நானும் அத்தாவும் சேர்ந்து மாட்டினோம். புது ரப்பரில் முள் முள்ளாகச் சின்ன முடி நீட்டிக்கொண்டிருக்கும். அது கூட உதிராத டயர். அந்த அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "அவரு பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றார். பழைய டயர்களை வெளியே குவியலில் போட்டேன். அந்த வாரமே பழைய டயர் எடுக்கிறவர் வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாட்சியச் சட்டம் அந்த வருஷம்தான் எனக்குப் பாடம். விபத்தில் சிக்கிய பொருளை இருந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மார்க்கும் வாங்கினேன். புத்தகத்தில் இருக்கிற தடயத்துக்கும் எங்கள் கடை வாசலில் கிடந்த டயருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்கு அது ஏட்டில் இருப்பதும் சுரைக்காய்தான் என்றே தெரிந்திருக்கவில்லை.

படிப்பு முடிந்து பார் கவுன்சிலில் பதிவு செய்து என்ரோல் ஆனேன். கோட்டும் கவுனும் போட்டு எடுத்த போட்டோவை அத்தா கடையில் டயர் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். வக்கீலாகிவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆகவில்லை. என்ரோல் ஆன பிறகு இன்னொரு பரீட்சை உண்டு. குறித்த காலத்துக்குள் அதில் தேறினால்தான் தொடர்ந்து தொழில் செய்யலாம். முதல் தடவை எழுதித் தோற்றேன். வீட்டில் சொன்னேன், கடைத்தெருவில் சொல்லவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் "என்ன வக்கீல் சார்" என்று கேட்கும்போதெல்லாம் யாரோ என்னைக் கிண்டல் செய்வதுபோலவே இருக்கும்.

இதற்கிடையில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். ஜூனியர் என்றால் என்ன வேலை என்று சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித்தருவதில்லை. காலையில் எட்டு மணிக்கு ஆபீசைத் திறக்க வேண்டும். அன்றைக்கு வாய்தா இருக்கிற கேஸ் கட்டுகளை எடுத்து, தூசி தட்டி, வரிசையாக வைத்துக் கட்ட வேண்டும். கோர்ட்டில் எங்கள் கேசைக் கூப்பிடும்போது சீனியர் வேறொரு கோர்ட்டில் நின்றுகொண்டிருப்பார். நான் எழுந்து "பாஸ் ஓவர் கேக்கறோம் அய்யா" என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். ஒன்றரை வருஷம் நான் நீதிமன்றத்தில் ஆற்றிய வாதம் அந்த ஒரு வாக்கியம்தான். சீனியரின் குமாஸ்தாவுக்கு என்னைவிட எல்லாம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். மனுவில் ஓரம் சரியாக விடாமல் டைப் அடித்துக் கொண்டுபோனால் சீனியர் பேசாமல் கிழித்துக் கூடையில் போடுவார். காரணம் சொல்லமாட்டார். நான் மறுபடி முதலிலிருந்து அடிப்பேன்.

சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டு. உள்ளே வெள்ளைச் சட்டை. எங்கள் தெருவில் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்துவிடும் என்று அம்மா என் சட்டைகளை வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே காயவைப்பார். வெயில் படாத சட்டையில் ஒரு முடைநாற்றம் வரும். அந்த நாற்றத்தோடுதான் நியாயம் பேசப் போனேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கோட்டை மடித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கும் போய்விடலாம் என்று வாரத்துக்கு ஒரு தரமாவது தோன்றும். போகாமல் இருந்ததற்குக் காரணம் ஒரே ஒரு கேஸ். நானே கொண்டுவந்த கேஸ்.

அந்த அக்காவின் நஷ்டஈட்டுக் கேஸ்தான் அது. நான்தான் அவரைச் சீனியரிடம் அழைத்துக்கொண்டு போனேன். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் மனுப் போட்டோம். ஆவணப் பட்டியலை நானே தயார் செய்தேன். பிரேக் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் கைக்கு வந்தபோது, 'இரண்டு டயர்களும் புதியவை, நல்ல நிலையில் உள்ளன' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டேன். கேஸ் ஜெயிக்கப்போவது அந்த வரியால்தான் என்று நினைத்தேன். அட முட்டாளே என்று இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அக்கா அப்போது சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் பக்கம் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதுவும் காண்ட்ராக்ட்தான். பெண் பன்னிரண்டாவது படித்தாள். நர்சிங் சேர வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா லீவு போட்டுவிட்டு வருவார். கோர்ட்டு வராந்தாவில் சாயங்காலம்வரை நின்றுவிட்டுத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று நான் சொன்னதும் கிளம்புவார். "இந்தக் கேஸ் வந்திச்சின்னா பாப்பாவ சேத்துடலாம்னுதான் தம்பி பாத்துக்கினு இருக்கேன்" என்பார். வந்துவிடும் அக்கா என்று நான் சொல்வேன்.

இரண்டாம் தடவை பரீட்சையில் தேறிவிட்டேன். அத்தா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மாதமே எதிர்த்தரப்பு ஒரு போட்டோவைத் தாக்கல் செய்தது.

சீனியர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். லாரி டிரைவர் விபத்து நடந்த இடத்திலேயே போனில் எடுத்த படம். வண்டி சாய்ந்து கிடக்கிறது. நம்பர் தெளிவாகத் தெரிகிறது. பின்டயர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நூல் தெரிகிற அந்த இடம்கூட அதில் இருந்தது.

"ரிப்போர்ட்ல புது டயர்னு இருக்கு. இதுல என் மண்டை மாதிரி வழுக்கையா இருக்கு. எது நம்ம வண்டி?" என்றார் சீனியர். அவருக்குத் தலையில் முடி கிடையாது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் டயர் என்ற வழக்கத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அப்புறம் கட்டை மூடி வைத்தார்.

"எவிடன்ஸ் படிச்சிட்டுத்தானே இதைப் பண்ணின?"

"படிச்சிட்டிருந்தேன் சார்."

"என்ன மார்க்கு?"

"அறுபத்தெட்டு."

"நாப்பது வாங்கினவனே தேவலை" என்றார்.

இன்சூரன்ஸ் தரப்பின் வாதம் எளிமையானது. லாரி இடிக்கவே இல்லை, தேய்ந்த டயர் மழையில் வழுக்கி அவராகத்தான் விழுந்தார், அதை மறைக்கத்தான் டயரை மாற்றியிருக்கிறார்கள், அல்லது வண்டியையே மாற்றியிருக்கிறார்கள். உண்மையில் லாரிதான் இடித்ததா, டயர்தான் வழுக்கியதா, எனக்குத் தெரியாது. டீக்கடையில் பேசிய யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. டயர் மட்டும் அப்படியே இருந்திருந்தால் இரண்டு பக்கமும் தப்பு என்று பாதியாவது கிடைத்திருக்கும் என்றார் சீனியர். இப்போதும் ஒரு வழி இருக்கிறது என்றார். அந்த அம்மா கூண்டில் ஏறி, டயரை மாற்றியது நிஜம், விவரம் தெரியாமல் மாற்றிவிட்டோம் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும்.

"யாரு மாத்தினதுன்னு கேட்டா சார்?"

"உன் பேரைச் சொல்லட்டும். நீ கோட்டைக் கழட்டி வச்சிட்டு வந்து கூண்டுல ஏறி ஆமான்னு சொல்லு."

"அப்புறம் எனக்கு ஏதாவது ஆகுமா சார்?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். அதைப் பத்தி டயர் கழட்டும்போது யோசிச்சிருக்கணும்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் அத்தாவிடம் சொன்னேன். அவர் "புதுசு போடச் சொன்னது நான்தான. என்னையக் கூண்டுல ஏத்து. நாஞ் சொல்றேன்" என்றார். "நீங்க ஏறினாலும் என் பேரு வரும் அத்தா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று வருஷம் படிக்கவைத்து, பரீட்சையில் தோற்றதை ஊருக்குச் சொல்லாமல் மறைத்து, டீ வாங்கிக்கொடுத்த மனிதர். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அக்கா சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். ஷீட் போட்ட வீடு, அனலாக இருந்தது. பெண் வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். டயரைப் பற்றிக் கேட்பார்கள், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். இதுவரை நான் சொன்னதில் தப்பில்லை.

"யாரு மாத்துனதுன்னு கேப்பாங்களா தம்பி?"

"கேப்பாங்கக்கா."

"உங்க பேரச் சொன்னா உங்களுக்கு எதுனா ஆவுமா?"

ஒன்றும் ஆகாது, சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சீனியரே ஆகாமலும் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். நான் "ஆகலாம்க்கா" என்றேன்.

அது பொய் இல்லை. இத்தனை நாளும் அதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பிச்சை கேட்கிறவனின் குரலாக இருந்தது. அக்கா டீ போட்டுக் கொடுத்தார். "பாஸாயிட்டீங்கன்னு பாய் சொன்னாரு. எத்தினி வருசமா படிச்சிக்கினே இருந்தீங்க, பாவம்" என்றார். நான் அந்த டீயைக் குடித்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாதவர். அக்காவிடம் அம்மா அம்மா என்றுதான் பேசினார். நான் சீனியருக்குப் பின்னால் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்ஸ்பெக்டர் பாக்கும்போது வண்டியில ரெண்டு டயரும் புதுசா இருந்திருக்கு. எப்பம்மா போட்டது?"

அக்கா என் பக்கம் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு இருக்கசொல்லவே போட்டதுங்க. விழறதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி."

"யாரு போட்டது?"

"அவரேதாங்க."

சீனியரின் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் போட்டோவை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"இது உங்க வண்டிதானா பாருங்கம்மா."

"ஆமாங்க."

"அவர் விழுந்த அன்னிக்கு எடுத்த படம். இந்த டயர் புதுசா?"

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் டயரை மட்டும் அவர் பார்த்திருக்கமாட்டார் என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது.

"அப்போ இன்ஸ்பெக்டர் பார்த்தது வேற வண்டியா?"

"இல்லீங்க. அதே வண்டிதாங்க."

"அதே வண்டின்னா டயர் எப்படி மாறிச்சு?"

"தெரியாதுங்க."

"நஷ்டஈடு வாங்கறதுக்காகப் பொய் சாட்சி சொல்றீங்கன்னு நான் சொல்றேன்."

"அப்பிடி இல்லீங்க."

எழுந்து நின்றிருந்தால் போதும். அய்யா, மாற்றியது நான்தான் என்று ஒரு வரி. முறைப்படி அது செல்லாது, உட்காரு என்றுதான் நீதிபதி சொல்லியிருப்பார். ஆனாலும் அக்கா அந்தக் கூண்டில் தனியாக நின்றிருக்கமாட்டார். நான் கட்டின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். சீனியர் எழுந்து, சாட்சியிடம் மறுவிசாரணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும், "என்ன சொல்லிக்கொடுத்த?" என்று கேட்டார்.

"உண்மையைச் சொல்லச் சொன்னேன் சார்."

"வேற என்ன சொன்ன?"

அவர் என்னைத் திட்டவில்லை. ஆபீசைவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல எட்டு மணிக்கு ஆபீசைத் திறந்தேன். அவர் போ என்று சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

தீர்ப்புக்கு இன்னும் சில வாரம் இருந்தது. கேசை மறுபடி திறந்து என்னைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனுப் போடலாம். ஒரு மத்தியானம் ஆபீசில் யாரும் இல்லாதபோது அதை டைப் அடித்தேன். கூடவே என் பிரமாண வாக்குமூலம். இன்ன கடையில், யாரும் சொல்லாமலே, என் சொந்த யோசனையில் டயர்களை மாற்றினேன். ஓரம் சரியாக விட்டிருந்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை வைத்தேன், எடுத்தேன். அம்மா ஃபேனுக்குக் கீழே சட்டை காயவைப்பது ஞாபகத்துக்கு வந்தது என்று இப்போது எழுதலாம். அதெல்லாம் இல்லை. பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு வாங்கியது போய்விடுமே என்கிற பயம். நானே கிழித்துக் கூடையில் போட்டேன்.

அக்காவின் நஷ்டஈட்டு மனு தள்ளுபடி என்று தீர்ப்பு வந்தது. அப்பீல் போகலாம், ஆனால் இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் கஷ்டம் என்றார் சீனியர். தீர்ப்பு நகலை நானே வாங்கினேன். அக்காவை ஆபீசுக்கு வரச் சொன்னேன். அவர் கடைக்கே வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், புடவைக்கு மேலே காண்ட்ராக்டர் கொடுத்த கோட்டு. அத்தா அவரைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அங்கே இன்ஸ்பெக்டர் டயர்கள் ஆணியில்தான் தொங்கின. இன்றைக்கும் தொங்குகின்றன. வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

"பாப்பா எப்படி இருக்குக்கா?"

"ஜவுளிக்கடையில சேந்துட்டா தம்பி. நின்னுக்கினே இருக்கணும், அதான் கால் வலின்னு சொல்லுது. பழகிடும்." அவர் என் கையில் இருந்த காகிதத்தைக் காட்டினார். "இதுல என்ன எழுதிக்கிறாங்கன்னு படிச்சுச் சொல்லுங்க."

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொரு பாராவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். விபத்து நடந்த நாள், இடம், அவர் வயசு, செய்த வேலை. பதினோராம் பாராவுக்கு வந்தேன். முதல் சாட்சியான மனுதாரர் உண்மையை வேண்டுமென்றே மறைத்திருக்கிறார், அவர் பேச்சில் நம்பிக்கை வைக்க இடமில்லை, ஆதாரத்தை மாற்றிவிட்டு நீதிமன்றத்தையே ஏமாற்றப் பார்த்திருக்கிறார் என்று அதில் இருந்தது. நான் அதைத் தாண்டிப் பன்னிரண்டாம் பாராவைப் படித்தேன். அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் படித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உங்க பேரு இதுல எங்கனா வருதா தம்பி?"

"வரலக்கா" என்றேன்.

"அப்ப போவட்டும் வுடுங்க" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான் சொன்னது பொய். முதல் பக்கத்திலேயே வருகிறது. மனுதாரருக்காக ஆஜரான வழக்கறிஞர்கள் என்ற வரியில், சீனியரின் பேருக்குப் பக்கத்தில் என் பேர் இருக்கிறது. ஒரு தீர்ப்பில் என் பேர் அச்சாகி வந்தது அதுதான் முதல் தடவை. பதினோராம் பாராவில் இருப்பது அக்காவின் பேர்.